யாமா

எழுத்தில் ஒரு கொக்கியோடு தொடங்கும்,
வாயில் யாமா என்று வரும்.
நம் காதுக்கு நடுச்சாமம் போலக் கேட்கிறது,
எருமைக் குளம்பொலியும் கொஞ்சம்.
அவர்களுக்கு அப்படியெல்லாம் ஒன்றுமில்லை.
ஸ்லோவேனியாவின் சுண்ணாம்புக்கல் மேட்டில்
ரொட்டி, காபி மாதிரி புழங்கும் சொல்.

மெக்கானிக் யாமாவுக்குள் நின்றுதான்
காரின் வயிற்றைப் பார்க்கிறான்.
பள்ளிப் பிள்ளைகள் ஓடிவந்து தாண்டி விழும் மணல், யாமா.
சாணிக்குழிக்கும் அதுவே பெயர்.
பாதரசம் தோண்டியவர்கள் வேலைக்குப் போகிறேன் என்றதில்லை,
யாமாவுக்குப் போகிறேன் என்றார்கள்.
குழந்தை சிரித்தால் கன்னத்தில் விழுவது
யாமித்சா, குட்டி யாமா.
ரயிலில் ஏற்றி விளக்குப் போட்டுக் காட்டும்
பாதாளக் குகையும் யாமாதான். அதற்கு டிக்கெட்.

ஒன்றென்றால் யாமா, பலவென்றால் யாமே,
சரியாக இரண்டென்றால் மட்டும் யாமி.
இரண்டுக்கென்று
தனி உருவம் வைத்திருக்கும் மொழி.

டில்கா ராவ்பார் சாலை அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவள்.
பனி உருகும் மார்ச்சில்
காலை ஏழு மணியிலிருந்து அவளுக்கு அந்த ஒரு சொல்தான்.
பேருந்து நிறுத்தத்தில் யாமா,
பால்பண்ணை வளைவில் யாமா,
என் டயருக்கு யார் காசு தருவது யாமா.

அன்றைக்கு அல்பின் மொரெல் அழைத்தார்.
ஓய்வுபெற்ற தபால்காரர், எழுபத்தாறு வயது, தனிக்கட்டை.
"கீழ்ச்சாலையில், லிண்டன் மரத்துக்கு எதிரே,
யாமா மறுபடி திறந்துவிட்டது."
எவ்வளவு ஆழம்?
"தெரியாது. அப்போது யாரையும் கிட்டே விடவில்லை."
ஆழம்: தெரியவில்லை, என்று எழுதினாள்.
மறுபடி என்பதை எழுதவில்லை.
சாலைக்குழி எதுவும் வருஷா வருஷம் மறுபடிதானே.

ஓஷ்பெய் லாரியோடு போனான்.
ஒரு வாளி அகலம்கூட இல்லை வாய்.
ஒரு நடை ஜல்லி கொட்டினான், போயிற்று.
இரண்டாம் நடை, போயிற்று.
மூன்றாவது கொட்டியதும் இன்ஜினை அணைத்துவிட்டு
காது கொடுத்தான்.
ஒரு கல் இன்னும் போய்க்கொண்டிருந்தது.

குகை இறங்குபவர்களை அழைத்தார்கள்.
நேஷா கயிற்றில் முப்பத்தெட்டு மீட்டர் இறங்கினாள்.
ஏறி வந்தவள் தலைவிளக்கை அணைக்க மறந்து
பட்டப்பகலில் எல்லோர் முகத்திலும் அடித்தபடி
ஒன்றே கேட்டாள்:
"போட்ட ஜல்லியைத் திரும்ப எடுக்க முடியுமா?"

ஓஷ்பெய் டயரில் சாய்ந்து உட்கார்ந்தான்.
மூன்று நடை, பதினெட்டு டன்.
தன் கையால்.

காவல்துறைக்கு முன்னால் அல்பின் வந்துவிட்டார்,
தபால்காரச் சைக்கிளில், இஸ்திரி போட்ட சட்டையில்.
போர் முடிந்த மே மாதம் அவருக்கு ஒன்பது வயது.
யாரென்று கேட்டார்கள்.
பெயர் சொல்லவில்லை, உறவு சொல்லவில்லை.
"போனார்கள்," என்றார்.
நம் மொழியில் அவ்வளவுதான் வரும்.
அவர் மொழியில் அந்த வினைக்கு இருமை விகுதி இருந்தது.
நின்ற அத்தனை பேரும்
இரண்டு என்று கேட்டுக்கொண்டார்கள்.

பதிவேட்டுக்குக் குகையின் பெயர் வேண்டும்.
நேஷா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.
"வீட்டில் வெறும் யாமா என்போம்,
அதுவும் கதவைச் சாத்திவிட்டு."

இந்த மார்ச்சிலும் ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டது.
யாமா என்கிறார்கள்,
டில்கா ஒரு நொடி பேனாவை நிறுத்துகிறாள்.
"எந்த மாதிரி யாமா?"
"ரோட்டுப் பள்ளம் அம்மா, வேறென்ன!"
நன்றி, என்கிறாள்.
எழுதிக்கொள்கிறாள்.
லாரி புறப்படுமுன்
ஓஷ்பெய் ஒரு கல்லைப் போட்டுப் பார்க்கிறான் இப்போதெல்லாம்.
டொக் என்று கேட்டால்தான் ஜல்லி.